வால்பாறைக்கு ஒரு என்ஜின்

கோயம்புத்தூரில் என்ஜின் வேலை தெரிந்தவர்களுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. 1920இல் ஜி.டி. நாயுடு ஒற்றைப் பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அந்தக் காலத்திலிருந்தே இந்த வட்டாரத்து ஆட்களுக்கு இரும்போடு நல்ல பழக்கம். பம்புக்கும் மோட்டாருக்கும் நூற்பாலை மெஷினுக்கும் வேலை செய்கிற வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு உண்டு. மாருதி 800 காரின் 796 சி.சி. என்ஜினை வைத்து எஸ். கரிவர்தன் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டியதும் இந்த ஊரில்தான். 1995இல் அவர் விமான விபத்தில் இறந்துபோனார். 2003இல் செட்டிபாளையத்தில் அவர் பெயரைத் தாங்கிய பந்தயத் தடம் திறந்தபோது, கார் வைத்திருந்த இளவட்டங்களுக்கெல்லாம் தங்கள் வண்டியின் வேகத்தைக் கூட்டிவிட வேண்டும் என்ற ஆசை வந்தது. அந்த வருஷங்களில் நான் டிப்ளமோ முடித்துவிட்டு, கணபதியில் ஒரு ரீபோர் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டிருந்தேன்.

பட்டறை மேஸ்திரிக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது. இளவயதில் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பழகியவர். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி "பிக்கப் ஏத்திக் குடுங்க" என்று யார் கேட்டாலும் அவர் முதலில் எடுப்பது கோடு போட்ட நோட்டுப் புத்தகம். அதில் ஒரு பக்கம் நிறையும் வரை ஸ்பேனர் வெளியே வராது. அவசரக்காரர்கள் சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவார்.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர் பொள்ளாச்சிக்காரர். 16 வால்வு மாருதி எஸ்டீம் கார் வைத்திருந்தார். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்த வண்டி. என்ஜினை எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும், பிரிக்கிறபோதே பவரையும் கூட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

"ஏனுங் தம்பி, இந்த வண்டி தெனமும் எங்க போகுது?" என்றார் மேஸ்திரி.

"வால்பாறைக்குங்க. வாரத்துல பாதி நாள் மேல ஏறோணும். திரும்பி எறங்கறதுக்குள்ள பொழுது விழுந்துருமுங்க. சில நாள் சம்சாரமும் பொண்ணும் கூட வருவாங்க."

"ஏசி ஓடோணுமா?"

"கீழ பொள்ளாச்சியில அது இல்லாம முடியாதுங்களே."

"பெட்ரோல் எங்க போடுவீங்க?"

"எந்தப் பங்க்குல கெடைக்குதோ அங்கதானுங்க."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அந்த என்ஜினின் குணம் முழுவதையும் தீர்மானித்தது இந்தப் பதில்கள்தான் என்பது வேலை நடக்க நடக்கத்தான் எனக்கு விளங்கியது.

ஆழியாறைத் தாண்டியதும் வால்பாறைச் சாலை ஏறத் தொடங்கும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி ஏறக்குறைய நின்று திரும்பி, இரண்டாம் கியரில் மறுபடி இழுத்தாக வேண்டும். வளைவை விட்டு வெளியே வரும்போது என்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றில் இருக்கும். அடுத்த வளைவுக்குள் 4,000, மிஞ்சினால் 5,000. வால்பாறை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரம். மேலே போகப் போகக் காற்று லேசாகி, கீழே இருந்த பவரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தானாகவே கழிந்துவிடும். இருபுறமும் ஆனைமலைக் காடு, யானை நடமாடும் பாதை. இருட்டின பிறகு அங்கே வண்டி நின்றால் தள்ளிவிடவும் ஆள் கிடைக்காது. அதனால் இந்த வண்டிக்குத் தேவை 2,000 முதல் 5,000 சுற்று வரை கனமான இழுவை என்று நோட்டில் எழுதினார். அதற்குக் கீழே "நிக்கக் கூடாது" என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

ரேஸ் என்ஜின் பார்த்துப் பார்த்து வளர்ந்த எனக்கு 8,000 சுற்று என்றால்தான் என்ஜின். மேஸ்திரி அதை மறுத்துப் பேசவில்லை. பிஸ்டன் வேகத்தைக் கணக்குப் போடச் சொன்னார். அந்த என்ஜினில் பிஸ்டன் ஒரு தரம் மேலேறும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 75.5 மி.மீ. ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் அந்தத் தூரம். 6,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15.1 மீட்டர், 8,000 சுற்றில் 20.1 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் பிஸ்டனை நிறுத்தித் திருப்பும்போது கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டுகளும் வாங்கும் இழுப்பு சுற்றின் வர்க்கமாகக் கூடும். 6,000த்திலிருந்து 8,000த்துக்குப் போனால் அந்த இழுப்பு முக்கால் பங்குக்கு மேல் அதிகம். அதற்கு ஃபோர்ஜ் செய்த பிஸ்டன், தனி ராடு, கடினமான வால்வு ஸ்பிரிங் எல்லாம் வேண்டும். மலையில் அந்தச் சுற்று ஒருநாளும் பயன்படப் போவதில்லை. கணக்கு முடிந்ததும் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. கம்பெனி கொடுத்த கேம்ஷாஃப்ட் அப்படியே இருக்கட்டும், கம்பெனி சொன்ன 85 குதிரைத்திறன் 100ஐத் தொடாவிட்டாலும் பரவாயில்லை என்று திட்டம் முடிவானது.

கேமை மாற்றாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரேஸ் கேம் வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும். இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் நேரமும் நீளும். மேல் சுற்றில் அது லாபம். கீழ் சுற்றிலோ உள்ளே வந்த காற்று திரும்பி வெளியே தள்ளப்படும், ஐட்லிங் நிலையாக நிற்காது, ஏசி கம்ப்ரஸர் விழுந்ததும் என்ஜின் அணையப் பார்க்கும். கொண்டை ஊசி வளைவில் நமக்கு வேண்டிய இடத்தில்தான் அந்த நஷ்டம் விழும்.

என்ஜினைப் பிரித்ததும் அளவெடுப்பு ஆரம்பித்தது. ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவில், கீழே என மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக போர் கேஜ் வைத்து அளந்தோம். தேய்மானம் மேல் முனையில்தான் அதிகம் இருந்தது. பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புவது அங்கே. வெடிப்பின் அழுத்தமும் அங்கேதான் உச்சம், ஆயில் படலமும் அங்கேதான் மெலிசு. சிலிண்டரின் உள்விட்டத்தை, அதாவது 74 மி.மீ. போரை, 74.5 ஆகக் கடைந்து ரீபோர் செய்வதென்று முடிவாயிற்று. அதனால் கொள்ளளவு 1,298 சி.சி.யிலிருந்து 1,316 ஆகும், அவ்வளவுதான். ரீபோர் செய்தால் பவர் வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் கிடைக்கும் உண்மையான பலன் வட்டம் மறுபடி வட்டமாவதுதான்.

அந்த வட்டத்துக்காக மேஸ்திரி எடுத்துக்கொண்ட பாடு பெரிது. ஹெட்டை வைத்து போல்ட்டுகளை முறுக்கும்போது பிளாக் லேசாக இழுபட்டு, சிலிண்டர் ஒரு மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் கோணிக்கொள்ளும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளியே 0.02 முதல் 0.04 மி.மீ. வரைதான் என்கிறபோது இது சின்ன விஷயமில்லை. தெரிந்த வார்ப்படச் சாலையில் கனமான இரும்புத் தகடு ஒன்றை வார்த்து, சிலிண்டருக்கு நேரே துளை போட்டு எடுத்துவந்தோம். ஹெட் இருக்க வேண்டிய இடத்தில் அதை வைத்து, ஹெட் போல்ட்டின் அதே முறுக்கில் இறுக்கி, அப்படியே ஹோனிங் கல்லால் சுவரை உராய்ந்து முடித்தோம். தகட்டைக் கழற்றினால் சிலிண்டர் கொஞ்சம் கோணலாகத் தெரியும். ஹெட் ஏறினதும் நேராகிவிடும். நாலு சிலிண்டருக்கும் பிஸ்டன்கள் ஒரே அளவில் வந்தாலும், ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து, அதனதன் பிஸ்டனுக்கு ஏற்ப அந்தந்த சிலிண்டரை முடித்தார்.

எடை பார்க்க நகைப் பட்டறையிலிருந்து எலக்ட்ரானிக் தராசு இரவல் வந்தது. இந்த ஊரில் பொன் வேலையும் இரும்பு வேலையும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் நடப்பதால் இது சாத்தியம். நாலு பிஸ்டன்களையும், கனெக்டிங் ராடின் இரண்டு முனைகளையும் தனித்தனியே நிறுத்து, எல்லாவற்றிலும் லேசானது எதுவோ அதன் எடைக்கு மற்றவற்றைக் கொண்டுவந்தோம். கிராங்க் ஷாஃப்ட்டை பம்பு மோட்டாரின் ரோட்டர்களுக்கு பாலன்ஸ் பார்க்கும் பட்டறைக்குக் கொண்டுபோனோம். வரிசையாக நாலு சிலிண்டர் இருக்கும் என்ஜினின் கிராங்க் தன்னளவில் சமநிலை உள்ளது. ராடின் எடைக்குப் பதிலாக எதையும் மாட்டாமலே அதைச் சுழற்றிப் பார்க்கலாம். ஃப்ளைவீலும் கிளட்ச் தட்டும் சேர்ந்து சுழன்றன. இதனால் குதிரைத்திறன் ஒன்றும் கூடாது. பேரிங்குக்குத்தான் ஆயுள் கூடும்.

பவர் வந்தது ஹெட்டிலிருந்து. வால்வு கைடுகளைப் புதிதாகப் போட்டு, வால்வு உட்காரும் சீட்டை 30, 45, 60 பாகை என மூன்று கோணத்தில் வெட்டினோம். காற்று வால்வைச் சுற்றித் திரும்பும் இடத்தில் வார்ப்பின் முரடும் இயந்திரம் வெட்டிய விளிம்பும் இருக்கும். அவற்றை மட்டும் எடுத்து வளைவைச் சீராக்கினோம். போர்ட்டைப் பெரிதாக்க நான் கிரைண்டரை எடுத்தபோது மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாய்க்கால அகலமா வெட்டினா தண்ணி மெதுவாப் போகும் கண்ணு" என்றார். காற்றுக்கும் அதே நியாயம்தான். கீழ் சுற்றில் காற்றின் வேகம் குறைந்தால் சிலிண்டர் நிறையாது, பெட்ரோலும் சரியாகக் கலக்காது.

கம்ப்ரஷன் விஷயத்தில் அவர் இன்னும் கறார். ஹெட்டைத் தலைகீழாக வைத்து, கண்ணாடித் தகட்டால் மூடி, ப்யூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் விட்டு ஒவ்வொரு அறையின் கொள்ளளவையும் அளந்தோம். கேஸ்கெட்டின் கனம், பிஸ்டன் தலையின் வடிவம் எல்லாம் கணக்கில் சேர்ந்தன. ரீபோருக்குப் பிறகு ஒரு சிலிண்டருக்கு சுமார் 329 சி.சி. விகிதம் 9.5 வேண்டுமானால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது 38.7 சி.சி. இடம் மிஞ்ச வேண்டும். 10 வேண்டுமானால் 36.6. வித்தியாசம் வெறும் 2 சி.சி. 74.5 மி.மீ. வட்டத்தில் அரை மி.மீ. உயரம் குறைந்தாலே அந்த 2 சி.சி. போய்விடும். ஹெட்டின் தளத்தை எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை அளக்காமல் சொல்கிறவனிடம் என்ஜினைக் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

அப்போது சாதாரண பங்க்கில் கிடைத்தது 88 ஆக்டேன் பெட்ரோல். கம்ப்ரஷன் கூடக் கூட, தீப்பொறியிலிருந்து பரவும் தழல் வந்து சேருமுன்பே ஓரத்தில் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிடும். நாக்கிங் என்பது அதுதான். அந்த அதிர்ச்சியில் பிஸ்டனின் ரிங் பள்ளங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய விளிம்பு உடையும், ஹெட் கேஸ்கெட் வேகும். குறைந்த சுற்று, முழு ஆக்ஸிலரேட்டர், சூடான என்ஜின் மூன்றும் சேரும் இடம் மலை ஏற்றம். நாக்கிங்குக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. அதே சமயத்தில் ஊரில் இன்னொரு வண்டிக்கு வேறொரு பட்டறையில் கம்ப்ரஷனை எக்கச்சக்கமாக ஏற்றியிருந்தார்கள். சமவெளியில் அது பறந்தது. ஊட்டிக்குப் போகும் வழியில் பிஸ்டன் உடைந்து, லாரியில் ஏறி எங்களிடம் வந்தது. உடைந்த துண்டுகளை மேஸ்திரி ஒரு டப்பாவில் போட்டு, எங்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார். எஸ்டீமுக்கு 9.5 என்று முடிவானது.

காற்றும் எக்ஸாஸ்டும் அடுத்து. நாலு குழாயை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கும் மேனிஃபோல்டை எங்கள் பட்டறையிலேயே வளைத்து வெல்டிங் செய்தோம். நாலையும் ஒரே இடத்தில் சேர்க்கும் வகை மேல் சுற்றுக்கு உகந்தது. இந்த வகை நடுச் சுற்றில் இழுவை தரும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றவில்லை. காற்று உறிஞ்சும் வாயை என்ஜினின் சூட்டிலிருந்து விலக்கி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் கொண்டுவந்தோம். காற்று மூன்று பாகை குளிர்ந்தால் அதன் அடர்த்தி ஒரு சதவீதம் கூடும். இன்ஜெக்டருக்கும் கணக்குப் போட்டோம். 100 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 23 கிலோ பெட்ரோல் வேண்டும். நாலு இன்ஜெக்டருக்கும் பிரித்து, கொஞ்சம் இடம் விட்டால், ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 150 சி.சி. விட வேண்டும். பழைய இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து, அளவு கண்ணாடிக் குழாய்களில் பீய்ச்சி நாலும் சமமாக விடுகின்றனவா என்று பார்த்த பிறகே மாட்டினோம்.

சூட்டைப் பற்றி மேஸ்திரி பேசினால் நிறுத்த மாட்டார். எரிகிற பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் சக்கரத்தின் பக்கம் போகிறது. மிச்சம் எக்ஸாஸ்டிலும் ரேடியேட்டரிலும் வெளியேற வேண்டும். பவரைக் கூட்டினால் தண்ணீர் சுமக்கும் சூடும் கூடும். ரேடியேட்டரைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்தோம், வாட்டர் பம்பு புதிது, ஃபேன் சுவிட்ச் புதிது. சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது நம் ஊர்ப் பட்டறைகளின் பழக்கம். அவர் புதிய தெர்மோஸ்டாட் வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்தில் தெர்மாமீட்டரோடு போட்டு, எந்தச் சூட்டில் திறக்கிறது என்று பார்த்தே போட்டார். அது இல்லாத என்ஜின் காலையில் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோலை அதிகம் வாங்கும், அந்தப் பெட்ரோல் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்பு காற்றை உறிஞ்சாமலிருக்க, சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து வெல்டிங் செய்தோம். டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டரும் வைத்தோம். பிரேக் டிஸ்க், பேடு, குழாய் எல்லாம் புதிதாகும் வரை என்ஜினை வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று அவர் சொன்னபோது காரின் சொந்தக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சம்மதித்தார். ஏறுகிற வண்டி இறங்கவும் வேண்டுமே.

கோர்க்கும் நாளில் பட்டறையைக் கழுவி, கிரைண்டர் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு. ஹோனிங் முடிந்த சிலிண்டரைப் பெட்ரோலால் துடைத்தால் போதாது. கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும் கல் துகள் போகவே போகாது. சோப்புப் போட்டு, வெந்நீர் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளை வேட்டித் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணி வெள்ளையாகவே வரும் வரை திரும்பத் திரும்பக் கழுவினோம். காய்ந்ததும் உடனே ஆயில் பூசினோம். ரிங்குகளை ஒவ்வொன்றாக அதன் சிலிண்டருக்குள் வைத்து, முனைகளின் இடைவெளி 0.30 மி.மீ. வரும் வரை அரம் போட்டோம். சூட்டில் ரிங் நீளும். முனைகள் முட்டிக்கொண்டால் சிலிண்டரைக் கிழித்துவிடும். ராடு போல்ட்டும் ஹெட் போல்ட்டும் புதியவை. ஒவ்வொரு முறுக்கும் டார்க் ரெஞ்சில் ஏறி நோட்டிலும் ஏறியது.

வண்டி கிளம்பினதும் ஐட்லிங்கில் விட்டுவைக்காமல் உடனே சாலைக்கு எடுத்துப் போனோம். புது ரிங் சுவரோடு ஒட்டிப் பழக அதன் பின்னால் அழுத்தம் வேண்டும். லேசாக ஆக்ஸிலரேட்டரை ஏற்றி, பிறகு முழுக்க விட்டு, என்ஜினாலேயே வண்டியை மெதுவாக்கி, மறுபடி ஏற்றி என்று உடுமலை ரோட்டில் ஓட்டினோம். சூடு தணிந்ததும் ஆயிலை இறக்கி, வெள்ளைத் தாளில் ஊற்றி, பொடி இருக்கிறதா என்று பார்த்தோம். ரேஸ் வண்டிகளுக்கு வேலை செய்யும் ஒருவர் எக்ஸாஸ்டில் லாம்டா மீட்டர் வைத்து, முழு ஆக்ஸிலரேட்டரில் காற்றும் பெட்ரோலும் 13க்கு 1 என்ற விகிதத்துக்குப் பக்கத்தில் இருப்பதை உறுதி செய்து கொடுத்தார்.

பிறகு மலை. சொந்தக்காரர் ஓட்ட, மேஸ்திரி பக்கத்தில், நான் பின்னால். வளைவிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் வண்டி தயங்காமல் எடுத்தது. முன்பு இரண்டாம் கியரிலேயே கதறிக்கொண்டு போன நீளமான ஏற்றங்களில் மூன்றாம் கியர் நிம்மதியாக நின்றது. சூட்டு முள் நடுவிலிருந்து நகரவில்லை. மேஸ்திரி சாலையைப் பார்க்கவே இல்லை. கண் ஆயில் பிரஷர் மீட்டரிலும், காது நாக்கிங் சத்தத்திலும் இருந்தன. அட்டகட்டியில் டீ குடிக்கும்போதுதான் முகம் மலர்ந்தது.

அதன் பிறகு அந்த என்ஜின் இன்னொரு லட்சம் கிலோமீட்டர் ஓடி, வால்வு ஆயில் சீல் மாற்றுவதற்காகத் திரும்ப வந்தது. ஹெட்டைத் தூக்கினபோது சிலிண்டர் சுவரில் எங்கள் ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இன்னும் தெளிவாக இருந்தன. போர் கேஜ் வைத்து அளந்து பழைய பக்கத்தோடு ஒப்பிட்டோம். அடுத்த ரீபோருக்கு அவசியமே இல்லை. காட்டில் ஒரு நாளும் வண்டி நிற்கவில்லை என்று சொந்தக்காரர் சொன்னார்.

இன்றைக்கு என்ஜின்களில் நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் சென்ஸார் இருக்கிறது, மென்பொருளை மாற்றினால் பவர் கூடுகிறது, டர்போ சாதாரணமாகிவிட்டது. ஆனால் இழுப்பு சுற்றின் வர்க்கமாகக் கூடுவதும், சூடு வெளியேற வழி வேண்டியிருப்பதும், பெட்ரோலின் ஆக்டேனுக்கு ஓர் எல்லை இருப்பதும் மாறவில்லை. நம் பாலிடெக்னிக் பிள்ளைகள் படிப்பு முடிப்பதற்குள் ஒரு பழைய என்ஜினையாவது முழுக்கப் பிரித்து, ஒவ்வோர் அளவையும் தங்கள் கையாலேயே எடுத்து எழுதி, யார் எந்தச் சாலையில் ஓட்டப் போகிறார் என்று கேட்டுத் திட்டம் போட்டுக் கட்ட வேண்டும் என்பது என் ஆசை. அதற்குப் பழைய பிளாக் ஒன்றும், ஒரு போர் கேஜும், ஒரு ப்யூரெட்டும், பொறுமையான ஒரு மேஸ்திரியும் போதும். நாலும் கோயம்புத்தூரில் இன்னும் கிடைக்கின்றன.